எல்டிஎல் 92, எடையும் பரவாயில்லை: நீரிழிவு நோயாளி ஒருவரின் இதய ஆபத்தைக் காட்டிய எண்கள் எவை?

கீழே வருவது கற்பித்தலுக்காகக் கட்டமைத்த நிகழ்வு. எந்தத் தனிமனிதரின் கோப்பும் அல்ல. நீரிழிவுச் சிகிச்சையில் அடிக்கடி எதிர்ப்படும் முரண்கள் ஒரே ஆளிடம் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. எண்கள் ஒன்றோடொன்று கணக்கில் பொருந்தும். வேண்டுவோர் கால்குலேட்டரோடு படிக்கலாம்.

வந்தபோது இருந்த நிலை

52 வயது ஆண், தெற்காசிய மரபினர். 44 வயதில் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டது. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, கால்வீக்கம் எதுவும் இல்லை. புகைபிடிப்பதில்லை. தந்தைக்கு 53 வயதில் மாரடைப்பு. எடுத்துவரும் மருந்துகள்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 1000 மி.கி. இரு வேளை, கிளிமிபிரைடு 2 மி.கி.; இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் 40 மி.கி.; கொழுப்புக்கு ஸ்டாட்டின் வகை மருந்தான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி.

அவர் கொண்டுவந்த அறிக்கையின்படி உயரம் 170 செ.மீ., எடை 69.5 கிலோ, உடல் நிறைக் குறியீடு 24.0. எல்டிஎல் ("கெட்ட கொழுப்பு") 92 மி.கி./டெ.லி., இரத்த அழுத்தம் 152/90, எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 8.1 சதவீதம், என்டி-புரோபிஎன்பி (இதயத் தசையின் சுமையைக் காட்டும் புரதம்) 96 பிகோகிராம்/மி.லி., சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்) 12.4 மி.கி./லிட்டர். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கதை உருவாகிறது: எடை சரி, கெட்ட கொழுப்பு நூறுக்குக் கீழே, இதயத் தசைக்குப் பாதிப்பில்லை, சர்க்கரையும் அழுத்தமும்தான் கட்டுக்குள் இல்லை, உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது. அந்தக் கதையில் ஏறத்தாழ ஒவ்வொரு வரியும் தவறு. தவறுகளில் பாதி அளந்த விதத்தில் வந்தவை, மீதி படித்த விதத்தில் வந்தவை.

நாடாவும் தராசும்

உயரத்தைக் காலணியோடு அளந்திருந்தார்கள். காலணியைக் கழற்றி, குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் அளவுகோலைத் தொட நிறுத்தி, பார்வை தரைக்கு இணையாக இருக்கும்படி வைத்து அளந்தபோது 168 செ.மீ. உடல் நிறைக் குறியீடு 24.6 ஆனது. இந்த வேறுபாடு பெரிதல்ல. பெரிய பிழை வேறு இடத்தில் இருந்தது: அறிக்கையில் எழுதியிருந்த இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. அது கால்சட்டையின் பெல்ட் இருக்கும் இடத்தில் எடுத்தது. தொப்பை உள்ள ஆண்கள் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுவார்கள். அங்கே சுற்றளவு குறைவுதான்.

உலக சுகாதார அமைப்பின் முறையில் இடம் துல்லியமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. பக்கவாட்டில் விரலால் தொட்டு உணரக்கூடிய கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்பைக் கண்டுபிடித்துக் குறியிட வேண்டும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் கண்டுபிடித்து இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் நாடா போக வேண்டிய மட்டம். ஆடைக்கு மேல் அல்ல, தோல்மேல். பாதங்கள் சேர்ந்து, கைகள் பக்கவாட்டில் தளர்ந்து, இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் தருணத்தில் படிக்க வேண்டும். "வயிற்றை இழுக்காதீர்கள்" என்று சொன்னால் உடனே இழுப்பார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரண்டு மூன்று மூச்சு போக விடுவது நல்ல உத்தி. நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது; முதுகுப்பக்கம் சரிந்துவிட்டதா என்று ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். இருமுறை அளந்து, 1 செ.மீ.க்குள் வந்தால் சராசரி. இல்லையென்றால் மீண்டும் இருமுறை. துணி நாடா நாளடைவில் நீளும் என்பதால் நெகிழாத நாடாவே ஏற்றது.

இப்படி அளந்தபோது இடுப்பு 97 செ.மீ. வந்தது. பிட்டச் சுற்றளவு 98. தெற்காசிய ஆண்களுக்குச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வைத்திருக்கும் எல்லை 90 செ.மீ. (பெண்களுக்கு 80). இடுப்பு–உயர விகிதம் 97/168, அதாவது 0.58, இடுப்பு உயரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இடுப்பு–பிட்ட விகிதம் 0.99, ஆண்களுக்கு எல்லை 0.90. உடல் நிறைக் குறியீட்டை 25 என்ற பொது எல்லையோடு ஒப்பிட்டு "சரி" என்று எழுதியிருந்தார்கள். ஆசிய மக்களுக்கு 23க்கு மேலேயே ஆபத்து ஏறத் தொடங்குகிறது. ஆக மூன்று விகிதமும் ஒரே திசையைக் காட்டுகின்றன: தோலுக்கடியில் அல்ல, குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. அந்தக் கொழுப்புதான் பின்னால் வரும் இரத்த முடிவுகளுக்கு விளக்கம்.

இரத்த அழுத்தம் 152/90 எடுக்கப்பட்ட விதம்: சோதனைக் கட்டிலின் ஓரத்தில் கால்கள் தொங்க, முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல், சட்டைக் கைமேல், உள்ளே வந்த உடனே. இவை ஒவ்வொன்றும் எண்ணை மேலே தள்ளும். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய உட்கார வைத்து, வெற்றுக் கையை இதய மட்டத்தில் தாங்கி, கையின் சுற்றளவுக்கேற்ற கஃப் (காற்றடைக்கும் பட்டை) கட்டி, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்த சராசரி 138/84. இரு கைகளிலும் வேறுபாடு இல்லை.

பலரும் விட்டுவிடும் அடுத்த படி, நிற்க வைத்து அளப்பது. எழுந்த ஒரு நிமிடத்தில் 120/78, மூன்றாம் நிமிடத்தில் 116/76. மேல் அழுத்தம் 22 குறைந்திருக்கிறது. 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ்வழுத்தம். ஓய்வில் நாடித்துடிப்பு 94. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தன்னியக்க நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் வலுக்கிறது. 152ஐ நம்பி டெல்மிசார்ட்டனை 80 ஆக்கி, ஒரு சிறுநீர்ப்பெருக்கியையும் சேர்த்து அனுப்பியிருந்தால் இவர் குளியலறையில் விழுந்திருப்பார்.

கணுக்கால்–புயக் குறியீடு (கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தது) இருபுறமும் 1.41. 0.9க்குக் கீழே இல்லை என்பதால் கால் இரத்தநாளம் நன்று என்று எழுதிவிடக் கூடாது. 1.4க்கு மேல் வருவது சுண்ணாம்பு படிந்து விறைத்த நாளம் கஃப்பின் அழுத்தத்துக்கு மசியவில்லை என்பதன் அடையாளம். நீண்டகால நீரிழிவில் சாதாரணமாகக் காண்பது. கால்விரல் நாளங்களில் இந்த விறைப்பு குறைவு என்பதால் கால்விரல்–புயக் குறியீடு எடுக்கப்பட்டது: 0.78. எல்லை 0.7. அடைப்புக்குச் சான்று இல்லை.

பட்டியலில் எழுதப்படாத இரண்டு மாத்திரைகள்

இரத்தம் மீண்டும் எடுப்பதற்கு முன் கேட்ட கேள்வி: மருத்துவர் எழுதித் தராத எதையாவது விழுங்குகிறீர்களா? இரண்டு வெளியே வந்தன. முடி உதிர்வுக்கு பயோட்டின் 10 மி.கி. தினமும்; தோள்வலிக்கு டைக்ளோஃபெனாக், வாரத்தில் நான்கைந்து நாள்.

பயோட்டின் ஒரு வைட்டமின்தான், உடலுக்குக் கேடில்லை. ஆனால் பல நோயெதிர்ப்புச் சோதனைகள் பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பை வைத்தே இயங்குகின்றன. இரத்தத்தில் மிதக்கும் மிகுதியான பயோட்டின் அந்தப் பிணைப்பிடங்களை நிரப்பிவிட்டால், இரண்டு எதிர்ப்பொருள்களுக்கிடையே மூலக்கூற்றைப் பிடிக்கும் வகைச் சோதனைகளில் விடை பொய்யாகக் குறையும். இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனினும், என்டி-புரோபிஎன்பியும் அந்த வகைதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. அதன் பிறகு வந்த புதிய கிட்டுகள் பலவற்றில் இந்தக் கோளாறு வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் ஆய்வகத்தில் எந்தக் கிட் ஓடுகிறது என்பது மாதிரி கொடுப்பவருக்குத் தெரியாது. பயோட்டினை நிறுத்தி ஒரு வாரம் கழித்து எடுத்தபோது என்டி-புரோபிஎன்பி 168. எல்லை 125. முந்தைய 96 என்ற எண் "இதயம் நலம்" என்று சொல்லியிருந்தது.

டைக்ளோஃபெனாக் வேறு மாதிரிக் கெடுக்கும். உப்பையும் நீரையும் உடலில் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரக வடிகட்டலைக் குறைக்கும், இரைப்பையில் இரத்தம் கசிய வைக்கும். அந்தக் கசிவின் தடம் எச்பிஏ1சியில் தெரிந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

மாதிரி எடுப்பது பற்றிச் சுருக்கமாக. வந்ததும் குத்தக் கூடாது. சில நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்த நிலையிலிருந்து நிற்கும் நிலைக்கு மாறினாலே இரத்த நீர் சுருங்கிக் கொழுப்பு அளவுகள் சில சதவீதம் ஏறும். கையில் கட்டும் பட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும் அதே விளைவு. குளுக்கோஸ் குழாயில் ஃபுளோரைடு இருந்தாலும் இரத்த அணுக்கள் முதல் ஒன்றிரண்டு மணிநேரம் சர்க்கரையைத் தின்றுகொண்டுதான் இருக்கும். சிட்ரேட் கலந்த குழாய் உடனே தடுக்கும். அது இல்லையென்றால் பனிக்கட்டியில் வைத்து விரைந்து பிரிக்க வேண்டும்.

முடிவுகள், இரண்டாம் முறை

மொத்தக் கொழுப்பு 182, எச்டிஎல் ("நல்ல கொழுப்பு") 34, டிரைகிளிசரைடு (இன்னொரு வகை இரத்தக் கொழுப்பு) 280 (12 மணிநேர வெறும் வயிறு), கணக்கிட்ட எல்டிஎல் 92, அபோ-பி (கொழுப்புத் துகள்களில் உள்ள புரதம்) 118, எல்லாம் மி.கி./டெ.லி. லிப்போபுரோட்டீன்-ஏ (எல்டிஎல்லை ஒத்த இன்னொரு துகள்) 142 நானோமோல்/லிட்டர். எச்பிஏ1சி 8.1 சதவீதம். ஹீமோகுளோபின் 11.9 கிராம், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) 14 நானோகிராம்/மி.லி., பி12 இயல்பு. கிரியேட்டினின் 1.2, 2021ஆம் ஆண்டின் சிகேடி-ஈபிஐ சமன்பாட்டில் சிறுநீரக வடிகட்டல் வீதம் 73. உயர்நுண்மை ட்ரோபோனின்-டி 11 நானோகிராம்/லிட்டர் (99ஆம் சதமான எல்லை 14). சிஆர்பி 3.1. தைராய்டு இயல்பு. இசிஜி இயல்பு.

92 என்ற எல்டிஎல் எப்படி வந்தது

ஆய்வகம் எல்டிஎல்லை அளக்கவில்லை, கணக்கிட்டது. 1972இல் வந்த ஃபிரீட்வால்ட் சூத்திரம்: மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். 182 − 34 − 56 = 92. அந்த "ஐந்தில் ஒரு பங்கு" என்பது மிகக் குறை அடர்த்தித் துகள்களில் (விஎல்டிஎல்) உள்ள கொலஸ்டிராலுக்கான ஊகம். டிரைகிளிசரைடு ஏறும்போது அந்த ஊகம் மிகையாகிறது, எல்டிஎல் அந்த அளவுக்குக் குறைந்து தெரிகிறது. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் சூத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். 200க்கு மேலேயே, குறிப்பாக எல்டிஎல் தாழ்ந்திருக்கும்போது, அது சறுக்கத் தொடங்குகிறது என்பதை அறிக்கை அச்சடிப்பதில்லை. 2020இல் வந்த சாம்ப்சன் சமன்பாட்டில் இதே எண்களைப் போட்டால் விடை 100.

எட்டு மி.கி. தானே என்று தோன்றலாம். அதைவிட ஆழமான சிக்கல், 100 என்பதும் கொலஸ்டிராலின் எடைதான், துகள்களின் எண்ணிக்கை அல்ல என்பது. நாளச் சுவருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்வது துகள். ஒவ்வொரு எல்டிஎல், விஎல்டிஎல், லிப்போபுரோட்டீன்-ஏ துகளிலும் ஒரே ஒரு அபோ-பி மூலக்கூறு இருக்கிறது. ஆகவே அபோ-பியை அளப்பது தலையெண்ணுவது. இவர் உடலில் நடப்பது இது: கொழுப்பு சேர்ந்த கல்லீரல் டிரைகிளிசரைடு நிறைந்த விஎல்டிஎல்லை மிகுதியாக வெளியேற்றுகிறது, அது தன் டிரைகிளிசரைடை எல்டிஎல்லுக்கும் எச்டிஎல்லுக்கும் கொடுத்துப் பதிலுக்குக் கொலஸ்டிராலை வாங்கிக்கொள்கிறது, பிறகு கல்லீரல் லைப்பேஸ் அந்த எல்டிஎல்லை அரித்துச் சிறிதாக்குகிறது. துகளுக்குள் கொலஸ்டிரால் குறைவு, துகள்கள் அதிகம். எச்டிஎல் 34க்கு இறங்கியதும் இதே பரிமாற்றத்தால்தான்.

ஐரோப்பிய வழிகாட்டுதல்களில் எல்டிஎல் 100க்கு இணையாக வைக்கப்பட்ட அபோ-பி 100. எல்டிஎல் 70க்கு 80. எல்டிஎல் 55க்கு 65. இவருடைய 118, எல்டிஎல் 92 தந்த ஆறுதலுக்கு நேரெதிர். அபோ-பி சோதனை கிடைக்காத இடத்தில் மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்லைக் கழித்தாலே பாதி உண்மை கிடைக்கும்: 182 − 34 = 148. இதற்குத் தனிச் சோதனை வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இந்தக் கழித்தலைக்கூடச் செய்யாமல் எல்டிஎல் வரியை மட்டும் படிப்பதுதான் நீரிழிவுக் கோப்புகளில் மிகப் பரவலான பிழை.

டிரைகிளிசரைடு 280ஐக் கண்டதும் அதை இறக்கும் ஃபைப்ரேட் வகை மருந்தை எழுதக் கை பரபரக்கும். 2022இல் வெளியான புராமினன்ட் ஆய்வில் இரண்டாம் வகை நீரிழிவுள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சேர்த்து, ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஃபைப்ரேட் வகையைச் சேர்ந்த பெமாஃபைப்ரேட்டும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். டிரைகிளிசரைடு நன்றாக இறங்கியது. இதய நிகழ்வுகள் குறையவில்லை. அபோ-பி சற்று ஏறியிருந்தது. எண் இறங்கியும் துகள் குறையாவிட்டால் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டிக் கணைய அழற்சி அச்சம் வரும்போது ஃபைப்ரேட்டின் கணக்கு வேறு.

டிரைகிளிசரைடையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பெருக்கி எடுக்கும் குறியீடு, இடுப்பையும் டிரைகிளிசரைடையும் பெருக்கும் குறியீடு என்று பல கணக்குகள் புழக்கத்தில் இருக்கின்றன. மக்கள்தொகை ஆய்வுகளுக்கு அவை உதவும். இந்த நோயாளியிடம் அவற்றையும் கணக்கிட்டு "மேலும் இரண்டு ஆபத்துக் காரணிகள்" என்று எழுதுவது, ஒரே சாட்சியைச் சட்டை மாற்றி மூன்று முறை கூண்டில் ஏற்றுவது போல.

எச்பிஏ1சியும் இரும்பும்

8.1 சதவீதம் என்பது சராசரிச் சர்க்கரை 186க்குச் சமம் (28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழிக்க வேண்டும்). ஆனால் 14 நாள் தொடர் குளுக்கோஸ் உணரி காட்டிய சராசரி 168. அது ஏறத்தாழ 7.5 சதவீதத்துக்குரியது. ஃபெரிட்டின் 14 இதை விளக்கியது. இரும்புக் குறைபாட்டில் எச்பிஏ1சி உண்மையைவிட உயர்ந்து காட்டும். இரத்தம் ஏற்றிய பின்பும், சிவப்பணு விரைந்து அழியும் நோய்களிலும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசி போடும்போதும் நேர்மாறாகத் தாழ்ந்து காட்டும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருக்கும் நீரிழிவு நோயாளியின் எச்பிஏ1சியைத் தனியாக நம்பாமல் இருப்பது நல்லது.

52 வயது ஆணுக்கு இரும்புக் குறைபாடு என்றால் இரத்தம் எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் அரிப்புப் புண்கள், பெருங்குடல் சுத்தம். டைக்ளோஃபெனாக் நிறுத்தப்பட்டது. இதே கண்டுபிடிப்பு இன்னொரு முடிவையும் தீர்த்துவைத்தது: ஆஸ்பிரின் இப்போது வேண்டாம். 2018இல் வந்த அசெண்ட் ஆய்வில், இதயநோய் இல்லாத நீரிழிவு நோயாளிகளிடம் ஆஸ்பிரின் தீவிர இரத்தநாள நிகழ்வுகளை 12 சதவீதம் குறைத்தது, பெரிய இரத்தப்போக்கை 29 சதவீதம் கூட்டியது. கசியும் இரைப்பை உள்ளவருக்கு அந்தத் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிஆர்பி: ஒரு பத்தி போதும்

முதல் 12.4 எடுத்த வாரத்தில் அவருக்கு ஈறு வீங்கியிருந்தது. 10க்கு மேல் வந்தால் அது இதய ஆபத்துக்கான எண்ணே அல்ல; தொற்றோ காயமோ ஆறி இரண்டு வாரமாவது கழித்து மீண்டும் எடுக்க வேண்டும். மீண்டும் எடுத்தது 3.1. 3க்கு மேல் "உயர் ஆபத்து" என்று அட்டவணை சொல்லும். ஒரே ஆளிடம் வாரத்துக்கு வாரம் மிக அதிகமாக ஊசலாடும் குறிகாட்டி இது. தொப்பையே அதை ஏற்றிவைக்கும். இவரிடம் இந்த எண் 1 ஆக இருந்திருந்தாலும் மருந்துச் சீட்டில் ஒரு வரியும் மாறியிருக்காது.

ஆபத்து வகையை முடிவுசெய்தது எது

எல்லோரும் மதிப்பெண் கணக்கிடும் செயலியைத் திறப்பார்கள். ஐரோப்பாவின் ஸ்கோர்2-டயாபடீஸ் (2023) வயது, பாலினம், புகை, மேல் அழுத்தம், மொத்தக் கொழுப்பு, எச்டிஎல் ஆகியவற்றோடு நீரிழிவு கண்டறியப்பட்ட வயது, எச்பிஏ1சி, வடிகட்டல் வீதம் ஆகியவற்றைக் கேட்கிறது. அதில் இடுப்பளவு இல்லை, அபோ-பி இல்லை, சிறுநீர் ஆல்புமினும் இல்லை. ஐரோப்பிய மக்கள்தொகைகளுக்கு அளவுதிருத்தம் செய்த கருவி என்பதால் மற்றவர்களிடம் அதன் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. அதைவிட முக்கியம்: கடுமையான உறுப்புப் பாதிப்பு உள்ளவருக்கு இந்த மதிப்பெண்ணைக் கணக்கிடவே கூடாது. அவர் நேராக மிக உயர் ஆபத்து வகைக்குப் போகிறார்.

இவருக்கு அது இருக்கிறதா? சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் (சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறதா என்று காட்டுவது) முதல்முறை 212 மி.கி./கிராம். ஈறு வீங்கிக் காய்ச்சலோடு இருந்தபோது எடுத்தது. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று, மிகையான சர்க்கரை இவை எல்லாமே இதைத் தற்காலிகமாக ஏற்றும். காலையின் முதல் சிறுநீரில் சில வார இடைவெளியில் மேலும் இரண்டு: 86, 74. மூன்றில் இரண்டு 30க்கு மேல் இருந்தால் உறுதி. கண்ணின் விழித்திரைப் படத்தில் இருபுறமும் மிதமான நுண்நாளப் பாதிப்பு. பாதத்தில் 10 கிராம் மோனோஃபிலமென்ட்டை (தொடு உணர்வைச் சோதிக்கும் நைலான் இழை) பத்து இடங்களில் நான்கில் உணரவில்லை, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு பெருவிரலில் தெரியவில்லை. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு பி12 குறைபாடும் இதே தோற்றம் தரும்; அதனால்தான் முன்பே அளந்து விலக்கப்பட்டது.

சிறுநீரகம், கண், நரம்பு: மூன்று இடங்களில் நுண்நாள நோய். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2023 வழிகாட்டுதலில் இது கடுமையான உறுப்புப் பாதிப்பின் வரையறைக்குள் வருகிறது. மிக உயர் ஆபத்து. வகையைத் தீர்மானித்தவை ஒரு குப்பிச் சிறுநீர், ஒரு விழித்திரைப் படம், ஒரு நைலான் இழை. வடிகட்டல் வீதம் 73ஐ மட்டும் பார்த்து "சிறுநீரகம் நன்று" என்று எழுதியிருந்தால் இந்தக் கதவு திறந்தே இருக்காது.

வகை முடிவான பிறகு இதயநாளச் சுண்ணாம்பை அளக்கும் சிடி ஸ்கேன் கேட்கப்படவில்லை. பூஜ்ஜியம் வந்தாலும் இலக்கு தளராது. அறிகுறி இல்லாதவருக்கு அழுத்தப் பரிசோதனையும் கேட்கப்படவில்லை. 2009இல் வந்த டியாட் ஆய்வில் அறிகுறியற்ற நீரிழிவு நோயாளிகளை இதயத் தசை ஸ்கேன் மூலம் சலித்தெடுத்தது மாரடைப்பையோ இதய மரணத்தையோ குறைக்கவில்லை.

என்டி-புரோபிஎன்பி 168 சொன்னது வேறு

நாள அடைப்பு ஒரு கேள்வி, தசை விறைப்பு இன்னொரு கேள்வி. நீரிழிவில் இதயச் செயலிழப்பு, அடைப்பு இல்லாமலும் வரும். அறிகுறி இல்லாத நீரிழிவு நோயாளிகளிடமும் ஆண்டுக்கொருமுறை பிஎன்பி (எல்லை 50) அல்லது என்டி-புரோபிஎன்பி (எல்லை 125) பார்க்கலாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2022 கருத்தொருமிப்பு அறிக்கை சொல்கிறது. படிக்கும்போது இரண்டு திருத்தங்கள் மனதில் இருக்க வேண்டும்: உடல் பருமன் இந்த எண்ணைத் தாழ்த்தும், முதுமை, சிறுநீரகக் குறைபாடு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகளின் சீரற்ற துடிப்பு) ஏற்றும். இவருக்கு வடிகட்டல் 73, நாடி சீர். ஆகவே 168க்கு இவற்றின்மேல் பழிபோட முடியாது.

எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) இடது கீழறையின் வெளியேற்றம் 58 சதவீதம். அங்கேயே நின்றுவிடும் அறிக்கைகள் உண்டு. தசை நிறைக் குறியீடு 119 கிராம்/சதுர மீட்டர் (ஆணுக்கு எல்லை 115), இடது மேலறைக் கனஅளவுக் குறியீடு 36 மி.லி./சதுர மீட்டர் (எல்லை 34), டாப்ளரில் ஈ/ஈ-பிரைம் (கீழறை நிரம்பும் அழுத்தத்தைச் சுட்டும் விகிதம்) 12. தசை தடித்திருக்கிறது, மேலறை விரிந்திருக்கிறது, அறிகுறி இல்லை: இதயச் செயலிழப்பின் பி நிலை.

மாற்றிய மருந்துகளும் காரணமும்

அட்டோர்வாஸ்டாட்டின் 10இலிருந்து 40 மி.கி.; கூடவே எசெட்டிமைப் (குடல் கொலஸ்டிராலை உறிஞ்சுவதைக் குறைக்கும் மருந்து) 10 மி.கி. ஸ்டாட்டின் அளவை ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் எல்டிஎல் ஏறத்தாழ 6 சதவீதமே கூடுதலாக இறங்கும். அபோ-பி 118லிருந்து 65க்குப் போக அது மட்டும் போதாது. எசெட்டிமைப் மேலும் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும். இலக்கு: எல்டிஎல் 55க்குக் கீழ், எச்டிஎல் அல்லாத கொழுப்பு 85க்குக் கீழ், அபோ-பி 65க்குக் கீழ்.

டபாகிளிஃப்ளோசின் (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து) 10 மி.கி. காலையில். டிக்ளேர் ஆய்வில் இருந்த 17,160 பேரில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு நாளநோய் உறுதியாகவில்லை. அவர்களையும் சேர்த்து இதயச் செயலிழப்புக்கான மருத்துவமனைச் சேர்க்கை குறைந்தது. இவருக்குத் தேவை அதுதான். இது சர்க்கரையையும் இறக்குவதால் கிளிமிபிரைடு 1 மி.கி. ஆக்கப்பட்டது, பிறகு நிறுத்தப்பட்டது. நின்றால் அழுத்தம் விழுபவர் என்பதால் டெல்மிசார்ட்டனை உயர்த்தவில்லை. டபாகிளிஃப்ளோசின் தரும் நீரிழப்பும் டைக்ளோஃபெனாக் நின்றதும் சேர்ந்து அழுத்தத்தை எவ்வளவு இறக்கும் என்று இரண்டு வாரம் பார்த்த பிறகே முடிவு. சொல்லித் தந்தவை: வாந்தி, பேதி, பட்டினி நாட்களில் மாத்திரையை நிறுத்த வேண்டும்; திட்டமிட்ட அறுவைக்கு மூன்று நாள் முன் நிறுத்த வேண்டும்; பிறப்புறுப்பைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் பூஞ்சைத் தொற்று குறையும்.

சர்க்கரையையும் எடையையும் குறைக்கும் ஜிஎல்பி-1 வகை ஊசி இப்போதைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. விழித்திரைப் பாதிப்பு இருக்கும்போது சர்க்கரையை வேகமாக இறக்கினால் அது தற்காலிகமாக மோசமாகலாம். 2016இன் சஸ்டெய்ன்-6 ஆய்வில் அந்த வகையைச் சேர்ந்த செமாகுளுடைடு எடுத்தவர்களிடம் விழித்திரைச் சிக்கல்கள் கூடியிருந்தன. மூன்று மாதம் கழித்து விழித்திரையை மீண்டும் படமெடுத்த பிறகு பேசலாம்.

லிப்போபுரோட்டீன்-ஏ 142. எல்லை 125 நானோமோல்/லிட்டர். பெரும்பாலும் மரபணு தீர்மானிப்பது, வாழ்நாளில் ஒருமுறை அளந்தால் போதும். ஸ்டாட்டின் இதை இறக்காது. எனவே மற்ற துகள்களை இன்னும் கறாராகக் குறைக்க வேண்டும் என்பதே இதன் பொருள். நானோமோல் எண்ணை ஒரு மாறிலியால் பெருக்கி மி.கி. ஆக்கக் கூடாது, துகளின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் இந்தச் சோதனை பரிந்துரைக்கப்பட்டது.

12 வாரம் கழித்து

எடை 66.8 கிலோ, இடுப்பு 94 செ.மீ. உட்கார்ந்து 128/78, மூன்றாம் நிமிடம் நின்று 114/74, வீழ்ச்சி 14. டெல்மிசார்ட்டன் 40லேயே தொடர்கிறது.

கிரியேட்டினின் 1.3, வடிகட்டல் வீதம் 66. இதைப் பார்த்துப் பயந்து டபாகிளிஃப்ளோசினை நிறுத்துவது வழக்கமான தவறு. சிறுநீரகத்தின் வடிகட்டும் வடிமுடிச்சின் உள்ளழுத்தம் இறங்குவதால் வரும் தொடக்கச் சரிவு இது. 30 சதவீதத்துக்குள் இருந்தால் தொடரலாம். ஆல்புமின் விகிதம் 51க்கு இறங்கியிருப்பதும் அதே காரணத்தோடு ஒத்துப்போகிறது.

எச்பிஏ1சி 6.7 சதவீதம். சராசரிச் சர்க்கரை 146 என்று அர்த்தம். ஆனால் உணரியின் சராசரி 156, அதாவது 7.1க்குரியது. முன்பு மிகையாகக் காட்டிய சோதனை இப்போது குறைத்துக் காட்டுகிறது: இரும்பு மாத்திரை கொடுத்ததும் இளம் சிவப்பணுக்கள் பெருகிவிட்டன, அவற்றில் சர்க்கரை ஒட்ட நேரம் போதவில்லை. ஹீமோகுளோபின் நிலைபெறும் வரை உணரியே வழிகாட்டி.

மொத்தக் கொழுப்பு 126, எச்டிஎல் 37, டிரைகிளிசரைடு 158. ஃபிரீட்வால்ட் எல்டிஎல் 57. இலக்கைத் தொட்டுவிட்டது போலத் தெரிகிறது. சாம்ப்சன் 62. எச்டிஎல் அல்லாத கொழுப்பு 89. அபோ-பி 78. தலையெண்ணினால் இன்னும் தூரம் இருக்கிறது. அட்டோர்வாஸ்டாட்டின் 80 ஆக்கப்பட்டது. 8 வாரத்தில் மீண்டும் அபோ-பி. அப்போதும் 65க்குக் கீழே வராவிட்டால் எல்டிஎல்லை வேறு வழிகளில் இறக்கும் பெம்பிடோயிக் அமிலம் அல்லது பிசிஎஸ்கே9 தடுப்பான் ஊசி.

என்டி-புரோபிஎன்பி 147. 168லிருந்து இறங்கியது என்று நோயாளியிடம் சொல்லப்படவில்லை. மருந்தே மாறாமல் இருக்கும்போதும் இந்த எண் கால் பங்கு வரை தானாக ஊசலாடும். 12 சதவீத வித்தியாசத்தை முன்னேற்றம் என்று எழுத முடியாது. அடுத்த அளவு ஓராண்டில், அதே ஆய்வகத்தில், அதே கிட்டில். மூச்சிரைப்போ கால்வீக்கமோ வந்தால் உடனே. எக்கோவும் அப்போதுதான். சிஆர்பி மீண்டும் கேட்கப்படவில்லை.